வியாழனுக்கு முந்தின நாள்

அத்தியாயம் ஏழு

மருந்துக் கடை வாசலில் ஜிபாரின் குரல் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருந்தது.

“குளிர் வந்தாச்சு கண்ணுங்களா! ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு பாதி விலைக்கு!” என்று கதவுக்கு மேலே மாட்டியிருந்த பெட்டி கொஞ்சியது. அதற்கு நேர் கீழே, மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறக்கவே பயந்து நின்றுகொண்டிருந்தாள் குரலுக்குச் சொந்தக்காரி. சொந்தக்காரி என்று சொல்லலாமா கூடாதா என்பதை நாளைக்கு நீதிபதிதான் சொல்ல வேண்டும்.

பிஷ்கெக்கில் அந்தக் குரலைத் தெரியாத வீடு கிடையாது. பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் மழையும் பனியும் அவள் சொன்னபடிதான் வந்தன, அல்லது அவளை ஏமாற்றிவிட்டு வராமல் போயின. போன வசந்தத்தில் ஒரு கம்பெனி, ‘சும்மா ஒரு சோதனைக்கு’ என்று அவளை எதையெதையோ படிக்கச் சொல்லிப் பதிவு செய்தது. கோடை முடிவதற்குள் அவர்களுடைய இயந்திரம் அச்சு அசலாக அவளைப் போலவே பேசக் கற்றுக்கொண்டது. ‘என் குரலைத் திருடிட்டாங்க’ என்று ஜிபார் இணையத்தில் ஒரு வீடியோ போட்டாள். ஊரே பார்த்தது. கம்பெனியும் பார்த்தது. தன் மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்லி அவள்மேலேயே வழக்குப் போட்டது. பறிகொடுத்தவள் பதில் சொல்ல வேண்டியவள் ஆனாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வாரம் அவளுடைய ஆறு வயது மகள் ஏர்கே படிக்கும் பள்ளிக்கு ஒரு போன் வந்தது. ‘குழந்தையை எந்த வாசல் வழியா அனுப்புவீங்க?’ என்று ஜிபாரின் குரல் கேட்டது. ஜிபார் அந்த நேரத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாள். அன்றிலிருந்து குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டில் பெரியம்மா சாய்கால், ஜிபாரின் கணவனுக்கு அண்ணன் மனைவி, பார்த்துக்கொள்கிறாள். ஜிபாருக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், வீட்டில் போன் அடித்தாலே ஓடிப்போய்க் குழந்தையைத் தேடினாள்.

“உள்ள போய் ஒரு பாட்டில் வாங்குங்க ஜிபார் அக்கா. உங்க பேச்சுக்கு நீங்களே மயங்கலைன்னா வேற யாரு மயங்குவாங்க?” என்றான் தாலாய்.

தாலாய், துப்பறியும் உம்சுனாயின் உதவியாள். முன்பு கல்யாண வீடுகளில் மைக் பிடித்தவன். பாதி விருந்தாளிகளைச் சிரிக்க வைத்து, மீதிப் பேரை அடிக்க வரவைத்ததால் தொழிலை மாற்றிக்கொண்டவன். நாக்கை மட்டும் மாற்றவில்லை.

“டேய், அவளே பயத்துல வெடவெடன்னு நடுங்கிட்டிருக்கா. உன் வாய்க்கு அந்தப் பாட்டிலை வாங்கி ஊத்தறேன் பாரு,” என்றாள் உம்சுனாய்.

உம்சுனாய் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியே தலை நரைத்தவள். பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப்போய், ஒரு நாள் பேனாவை வைத்துவிட்டுத் தானே துப்பறியக் கிளம்பிவிட்டாள். கோட்டுப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். விதையைக் கடிக்கும் வேகத்தை வைத்தே மூளை எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அணில் தோற்றது.

“ஜிபார், இன்னிக்குக் கம்பெனிக்காரங்க கழுத்துல கயிறு விழுது. எப்படின்னு மட்டும் கேக்காதே. துப்பை வெளிய சொன்னா ஆவியாப் போயிடும்,” என்றாள்.

ஜிபார் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். தெருவில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். ‘அட, இருமல் மருந்து!’ என்பார்கள்.

மூன்று பேரும் நீதிமன்றப் படியேறினார்கள். கம்பெனி தன் கடைசித் துருப்புச் சீட்டை நேற்றுத்தான் இறக்கியிருந்தது. ஜிபார் போனில் பேசிச் சம்மதம் கொடுத்த ஒலிப்பதிவு என்று ஒன்றைத் தாக்கல் செய்திருந்தார்கள். அப்படி ஒரு போனே தான் பேசவில்லை என்று ஜிபார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியத்தை யார் கேட்டார்கள்? நாளைக்கு நீதிபதி அந்தப் பதிவை நம்பிவிட்டால் குரல் சட்டப்படி கம்பெனியுடையது. ‘நான் பொய் சொன்னேன்’ என்று அவளே வீடியோ போட வேண்டும். அதற்கப்புறம் அந்தக் குரல் ஏர்கேயைக் கூப்பிட்டுப் பேசினால், அது தன் குரல் இல்லை என்று சொல்லும் உரிமைகூட அவளுக்கு இருக்காது.

பதிவறையில் எழுத்தர் அம்மாள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் மாக்சாத் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். விதிப்படி இரு தரப்பும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். அவன் பூசியிருந்த அத்தர், அறைக்குள் அவனுக்கு முன்னால் பேச ஆரம்பித்துவிட்டது.

“வாங்க அம்மா. எழுத்துப்படியைத்தான் படிச்சிருப்பீங்களே, காதாலயும் கேட்டுருங்க,” என்றான் இளித்தபடி.

“படிச்சேன் தம்பி. ரொம்ப ருசியா இருந்துச்சு. முக்கியமா அந்தப் புதன்கிழமை,” என்றாள் உம்சுனாய், ஒரு விதையைக் கடித்து.

மாக்சாத் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தான். பெட்டி கரகரத்தது. ஒரு பெண் ஊழியர் குசலம் விசாரித்தாள். அதற்குப் பிறகு ஜிபார் பேசினாள். அதாவது, ஜிபார் நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜிபார் பேசினாள்.

“சரிங்க, எனக்குச் சம்மதம். என் குரலை வெச்சுக்கோங்க, எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. வியாழனுக்கு முந்தின நாள் வந்து கையெழுத்துப் போட்டுடறேன். ஐயோ, அடுப்புல பால் பொங்குது, வெச்சுடட்டுமா?”

உம்சுனாயின் பல்லுக்கிடையில் விதை அப்படியே நின்றது.

“இன்னொரு தடவை போடும்மா,” என்றாள் எழுத்தரிடம். மறுபடியும் அதே வார்த்தைகள். வியாழனுக்கு முந்தின நாள். பால் பொங்கிற்று.

மாக்சாத் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான். “உங்க கணக்கு எனக்குப் புரியுதும்மா. இவங்க மாமனார் பேரு ஷார்ஷென்பெக். புதன்கிழமை பிறந்தவர். நம்ம கிர்கிஸ் பேச்சுல புதன்னா ‘ஷார்ஷெம்பி’, அந்தக் கிழமையைச் சொன்னா அவர் பேரைப் பாதி சொன்ன மாதிரி. மாமனார் பேரை மருமகள் வாயால சொல்லுவாளா? மாட்டா. பதிவுல ‘புதன்கிழமை’ன்னு இருந்தா, பேசினது மருமகள் இல்லை, மிஷின்தான்னு நாளைக்கு எழுந்து நின்னு முழங்கியிருப்பீங்க. சரிதானே?”

உம்சுனாயின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து எழுத்தர் அம்மாளுக்கே பாவமாகிவிட்டது.

“எழுத்துப்படி ரஷ்ய மொழியில இருக்கு,” என்று தொடர்ந்தான் மாக்சாத். “மொழிபெயர்த்தவர் சுருக்கமா ‘புதன்’னு போட்டுட்டார். ஆனா பேசினவங்க அப்படிச் சொல்லலை பாருங்க! மாமனாருக்கு மரியாதை கொடுத்து, நாளைச் சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்காங்க. இது ஒரு வீட்டு அடுப்படிப் பேச்சு. எந்த மிஷினுக்கு இது தெரியும்? நாளைக்கு நீதிபதிகிட்ட நான் சொல்லப்போறதே இதைத்தான்.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தச் சொற்றொடர் ஜிபாருக்குத் தெரியும். தினமும் கேட்கிற பேச்சு, அவள் வீட்டு வெங்காய வாசனையோடு வருகிற பேச்சு. அந்தக் குரலும் அவளுடையது, பேச்சும் அவள் வீட்டுடையது. அப்படியானால் நான்தான் பேசினேனா? தூக்கமில்லாத ஏதோ ஒரு நாளில் பேசிவிட்டு மறந்துவிட்டேனா? பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.

உம்சுனாய் எழுந்தாள். தோற்றவள் வெறும் வாயோடு போவதா என்ற ஆத்திரத்தில் வாசலில் நின்று ஒரு வார்த்தை விட்டாள்.

“அடுப்படி வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கே தம்பி உங்க மிஷின்! அந்த வீட்டுல அதுக்கு யாரு சொந்தம்?”

மாக்சாத்தின் இளிப்பு அப்படியே உறைந்தது. கதவு மூடுவதற்குள் ஜிபார் திரும்பிப் பார்த்தாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தான்.

தாலாயின் பழைய ஜப்பான் காரில் சூடு வராது, பாட்டு மட்டும் வரும். அவன் அதையும் அணைத்துவிட்டான். நகரத்தின்மேல் நிலக்கரிப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

“கல்யாணத்துல மாப்பிள்ளை ஓடிப்போனாக்கூட இப்படி ஒரு அமைதி இருக்காது,” என்றான் தாலாய். யாரும் சிரிக்கவில்லை. “சரி, நான் வண்டி ஓட்டறேன்.”

முன்சீட்டிலிருந்து உம்சுனாய் திரும்பினாள். அந்தப் பார்வை ஜிபாருக்குப் புதிது.

“ஜிபார், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்தப் போனை நீ பேசினியா? குழந்தைக்காகவோ எதுக்காகவோ பயந்து சம்மதிச்சுட்டு, இப்ப எங்ககிட்ட மறைக்கறியா?”

ஜிபாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. உலகமே நம்பாமல் போகட்டும், இவளாவது நம்புகிறாள் என்றுதானே இத்தனை நாள் நடமாடினாள்?

“நீங்களுமாக்கா? நான் பேசலை! என் பொண்ணு மேல ஆணையா பேசலை! ஆனா அதைக் கேட்டப்ப எனக்கே நான் பேசின மாதிரி இருந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. நாளைக்கு அந்த ஆள் எழுந்து பேசினா நான் என்னத்தைச் சொல்வேன்? இந்தப் புதன்கிழமை விடியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“வண்டியை நிறுத்துடா,” என்றாள் உம்சுனாய்.

“நடு ரோட்டுலயா?”

“நிறுத்து!”

பின்னால் வந்த மினிபஸ் காது கிழிய ஒலி எழுப்பி, கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போயிற்று.

“இப்ப என்ன சொன்னே நீ? எந்தக் கிழமை?”

“புதன்கிழமை.” ஜிபார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏன்க்கா?”

“ஏன்க்காவா! ஷார்ஷென்பெக் வீட்டு மருமகள் நீ. அந்தக் கிழமையை உன் வாயால சொல்றே, நாக்கு கூசலையா?”

“அது எனக்கு எப்பவோ விட்டுப்போச்சுக்கா. மாமாவே விட்டுடச் சொல்லிட்டாரு.”

உம்சுனாய் தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். “ஊரையெல்லாம் விசாரிச்சேன், கேக்க வேண்டியவளை விட்டுட்டேன். சொல்லு, முழுசாச் சொல்லு.”

“டிவில சேர்ந்த புதுசு. நேரலை. கிழமை வாரியா மழை எப்படின்னு படிச்சுட்டே வந்தேனா, அந்த நாள் வந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. ‘செவ்வாய்க்கு அடுத்த நாள் மழை’ன்னு சொல்லிட்டேன். ஊரே சிரிச்சுது. அன்னிக்குச் சாயங்காலம் மாமா எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, ‘நீ இப்படியே படிச்சா நாட்டுக்கு வாரம் ஆறு நாளாயிடும். தாராளமாச் சொல்லு மகளே, என் பேரு தேஞ்சா போயிடும்’னு ரெண்டு கையையும் விரிச்சு ஆசீர்வாதம் பண்ணாரு. அதுலேர்ந்து வீட்டுலயும் சொல்வேன், வெளியிலயும் சொல்வேன்.”

“ஆனா பெட்டில இருந்த ஜிபார் சொல்லலை,” என்றான் தாலாய் மெதுவாக. முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

“சொல்லலை. ஏன்னா அந்த வார்த்தைகளை எழுதிக் கொடுத்தவளுக்குச் சொல்ல வராது,” என்றாள் உம்சுனாய். “மிஷின் தானாப் பேசாதுடா. எழுதிக் கொடுத்ததைத்தான் பேசும். கம்பெனிக்காரன் எழுதியிருந்தா ‘புதன்’னுதான் எழுதியிருப்பான், அவனுக்கு எந்த மாமனார்? வீட்டு ஆம்பளைங்க எழுதியிருந்தாலும் அப்படித்தான். அப்பன் பேரைச் சொல்ல மகனுக்கு என்ன தடை? சுத்தி வளைக்கிறவ மருமகள் ஒருத்திதான். மாமனார் பேரைச் சொல்லாத மருமகளைத்தான் நான் தேடினேன். சரியாத்தான் தேடியிருக்கேன், ஆள்தான் வேற. ஜிபார், உங்க மாமனாருக்கு எத்தனை மருமகள்?”

“ரெண்டு,” என்றாள் ஜிபார். “மாமியார் போய்ச் சேர்ந்தாச்சு. நானும், சாய்கால் அக்காவும்தான்.”

“அவளுக்கும் மாமனார் விடுதலை கொடுத்தாரா?”

“இல்லை.” ஜிபார் அன்றைய சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள், தன்னைத் தட்டிக்கொடுத்தார்கள். ஓரகத்தி ஓர் ஓரமாக உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “அவங்களைக் கேக்கணும்னு யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.”

அடுப்படியில் தினமும் கேட்கிற பேச்சு என்று அவளுக்குத் தோன்றியதே, அது சரிதான். ஆனால் அது அவள் வாயிலிருந்து கேட்டதல்ல, அவள் காதால் கேட்டது. வியாழனுக்கு முந்தின நாள் துணி துவைக்கணும், வியாழனுக்கு முந்தின நாள் மாவு வாங்கணும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வேலை செய்பவள் சாய்கால். பைத்தியம் இல்லை என்று தெரிந்து ஒரு மூச்சு நிம்மதி வந்தது. அடுத்த மூச்சில் அது ஓடிப்போய்விட்டது.

“ஏர்கே அவகிட்ட இருக்காளே!” என்று அலறினாள்.

தாலாய் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வண்டி சீறிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஜிபார் போன் போட்டாள். சாய்காலின் எண் வேறு அழைப்பில் இருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே. யாரோடு இவ்வளவு நேரம் பேச்சு? மாமனாரும் சாய்காலின் கணவனும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. ஜிபாரின் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் இருப்பது சாய்காலும் அவள் பிள்ளையும் ஏர்கேயும்தான். தன் குழந்தைக்குச் சோறு ஊட்டியவள், தலை வாரிவிட்டவள், தன் குரலை விற்றவள், மூன்றும் ஒரே ஆளா? அவசரத்தில் எண்ணைத் தவறாக அழுத்தினாள்.

“நான் அந்த வக்கீலைச் சீண்டியிருக்கக் கூடாது,” என்றாள் உம்சுனாய். “நுணல் தன் வாயால கெட்டுச்சு. ‘அந்த வீட்டுல யாரு சொந்தம்’னு நான் கேட்டதும் அவன் போனைத் தூக்கினானே, பாத்தியா?”

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது வேற பேசுங்க,” என்றான் தாலாய். அவன் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது.

ஊருக்கு வெளியே, மண்ரோட்டின் கடைசியில் வீடு. வாசலில் அவர்களுக்குத் தெரியாத ஒரு வெள்ளைக் கார் என்ஜின் ஓடியபடி நின்றது. டிக்கியில் துணி மூட்டைகள். ஏர்கே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தாள். சாய்காலின் மகன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

தாலாய் தன் வண்டியை அந்தக் காரின் மூக்கை ஒட்டிக் குறுக்கே நிறுத்தினான். அது நிற்பதற்குள் ஜிபார் குதித்துவிட்டாள். ஓடிப்போய்க் குழந்தையை அள்ளிக்கொண்டாள். மூச்சு முட்ட இறுக்கினதில் ஏர்கே, “அம்மா, வலிக்குது!” என்று கத்தினாள்.

“யாருய்யா நீ? பொண்ணு வீட்டு வாசல்ல பேர் ஊர் சொல்லாம வண்டி நிறுத்தறே?” என்று தாலாய் டிரைவரின் சட்டையைப் பிடித்தான். மைக் பிடித்த குரல் கடைசி நேரத்தில் கீச்சென்றது.

டிரைவர் வயசாளி. வெலவெலத்துப் போனார். “வாடகை வண்டிங்க! நாரின் ஊருக்குப் போகணும், ரெண்டு குழந்தையும் ஒரு அம்மாவும்னு இப்பத்தான் போன் வந்துச்சு.” அவர் பார்வை ஜிபார் பக்கம் திரும்பிற்று. “‘என்ன ஆனாலும் குழந்தையை மட்டும் விட்டுடாதே அண்ணா’ன்னு சொன்னாங்க.”

ஜிபார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “யாரு சொன்னது?” என்று கேட்டாள்.

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானேம்மா சொன்னீங்க? இதே குரல்தான்.”

உம்சுனாயின் கை பையில் விதையைத் தேடிப் போய், எடுக்காமலே திரும்பி வந்தது.

வீட்டுக்குள்ளிருந்து சாய்கால் இன்னொரு மூட்டையோடு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஜிபாரைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இங்க வரமாட்டேன்னு சொன்னியே! நேரே நாரினுக்கு வந்துடறேன்னு சொன்னியே! இப்பத்தானே போனை வெச்சே?”

“நான் என்ன சொன்னேன்?” என்றாள் ஜிபார். கேட்கவே பயமாக இருந்தது.

“எல்லாம் தெரிஞ்சுடுச்சுக்கா, மன்னிச்சுட்டேன்னு சொன்னே. ஏர்கேயையும் கூட்டிக்கிட்டு உடனே நாரின்ல இருக்கிற உன் பிறந்த வீட்டுக்குப் போயிடு, நாளைக்குக் கோர்ட்டுப் பக்கம் தலை காட்டாதே, நானும் வந்துடறேன்னு சொன்னே. அழுதுகிட்டே சொன்னே, ஜிபார்.”

“நாரின் மலைப் பாதையில குழந்தை போய்க்கிட்டிருந்தா, தாய் நாளைக்குக் கோர்ட்டுல இருப்பாளா?” என்று உம்சுனாய் பல்லைக் கடித்தாள். “சாட்சியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. ஒரே போன்ல ரெண்டு பேரையும் ஊரைவிட்டுக் கிளப்பப் பார்த்திருக்கானுங்க.”

சாய்காலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜிபாரின் கையை விட்டுவிட்டாள். நின்ற இடத்திலேயே சரிந்து மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

“சொல்லும்மா. ஏன் எழுதிக் கொடுத்தே?” என்று உம்சுனாய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

“இவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.” சாய்கால் தரையைப் பார்த்தே பேசினாள். “ஜிபார் வீடியோவுக்குக் கீழ பேர் போடாம எழுதினேன். ‘திருட்டுக் கம்பெனி, பொம்பளை வயித்துல அடிக்கறீங்களே’ன்னு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். ரெண்டு நாள்ல வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. பொய்ச் செய்தி பரப்பினேன்னு உன் மேலயும் கேஸ், உன் புருஷன் அரசாங்க வண்டி ஓட்டறானாமே, அதுவும் போயிடும்னாங்க. ‘மிஷின் பேசறது டிவி மாதிரியே இருக்கு, உன் ஓரகத்தி வீட்டுல பேசற மாதிரி நாலு வரி எழுதிக் கொடு, உன்னை விட்டுடறோம்’னாங்க. பயந்துட்டேன். பயத்துல எழுதிக் கொடுத்துட்டேன்.”

“ஏர்கே ஸ்கூலுக்கு வந்த போன்?” என்றாள் ஜிபார்.

“அது எனக்குத் தெரியாது! அன்னிக்கு ராத்திரி அடுப்பங்கரையில உக்காந்து அழுதேன். உன்கிட்ட சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். சொன்னா நீ இவளை என்கிட்ட விடமாட்டேன்னு தோணுச்சு.”

ஜிபார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைத் தின்றுகொண்டிருந்த அதே பயம், அதே கூரையின் கீழ், அடுத்த அறையில் இன்னொருத்தியையும் தின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்காக அவள் மனம் இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் ஒரு கால் காருக்குள் இருந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. கோபத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உம்சுனாய் அவளைத் தனியே இழுத்து, “இவ நாளைக்குக் கூண்டுல ஏறி, நான்தான் எழுதினேன்னு சொன்னா பதிவு செத்துடும். டிரைவரும் வருவாரு. ஆனா இவ மேல கேஸ் வரலாம், புருஷன் வேலையும் போகலாம். கட்டாயப்படுத்த முடியாது. நல்ல வார்த்தையாப் பேசிப் பாரு,” என்று காதோரம் சொன்னாள்.

நல்ல வார்த்தை. அதைத்தான் இயந்திரம் கொஞ்ச நேரம் முன்னால் போனில் பேசி முடித்திருந்தது, அவளைவிட இனிமையாக. இத்தனை வருடத்தில் ஜிபார் ஓரகத்தியிடம் அப்படி ஒரு தடவைகூட உருகிப் பேசியதில்லை.

சாய்கால் தலை நிமிர்ந்தாள். கண்ணில் கெஞ்சலும் சந்தேகமும் கலந்திருந்தன. எதிரே நிற்கிறவளின் உதட்டையே உற்றுப் பார்த்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு சொன்னியே ஜிபார்...”

“அது நான் இல்லை,” என்றாள் ஜிபார். தெருவே கேட்கும் குரலில் சொன்னாள். “நான் உன்னை மன்னிக்கலை. என் குழந்தையை எவன் வண்டியிலயோ ஏத்தினே நீ. இன்னும் ரொம்ப நாளைக்கு மன்னிக்கமாட்டேன். உன் கையால போட்ட டீயைக்கூடக் குடிக்கமாட்டேன். ஆனா நாளைக்கு என் பக்கத்துல வந்து உக்காரு. அவங்க உன் மேல கேஸ் போட்டா, உனக்காகவும் நான்தான் வந்து கத்துவேன். வேற யாருடைய வாயாலயும் இல்லை, என் வாயால.”

சாய்கால் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். மூட்டையிலிருந்து எழுந்தாள். ஓரகத்தியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பார்வையில்லாதவர் தடவிப் பார்ப்பதைப் போல ஒரு தடவை தடவினாள்.

“இது நீதான்,” என்றாள். பிறகு டிக்கியிலிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள்.